பதினாலாவது பாகம்

மலர்க் குழுவினர் போன மாசம் போன் செய்து ஒரு கட்டுரை கேட்டார்கள். "மறக்க முடியாத விடுதி நாட்கள் மட்டும் வேண்டாம்ப்பா, அது ஏற்கெனவே நிறைய வந்திருச்சு" என்று எச்சரிக்கை வேறு. "சரி, சரித்திரம் எழுதறேன்" என்றேன். "சோழரா, பாண்டியரா?" என்றார்கள். "ரெண்டும் இல்லை, அமெரிக்கர்" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஆம் நண்பர்களே, இது ஒரு கதைப் புத்தகத்தின் சரித்திரம். 'வீல் ஆஃப் டைம்', அதாவது காலச் சக்கரம் என்று பெயர். 1990ல் முதல் பாகம் வந்தது, 2013ல் 14ஆம் பாகத்தோடு முடிந்தது. முன்கதை ஒன்று தனி. மொத்தம் சுமார் 44 லட்சம் வார்த்தைகள். மந்திரமும் மாயமும் நிறைந்த கதைதான். "இஞ்சினியருக்கு எதற்கய்யா மாயாஜாலக் கதை?" என்று முகம் சுளிக்கும் பேராசிரியப் பெருமக்கள் தயவு செய்து கடைசி வரை படிக்க வேண்டும். இதில் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் வருகிறது.

மூன்றாகக் கிழித்த புத்தகம்

2005ல் நான் முதலாமாண்டு சேர்ந்தபோது விடுதியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர்தான். நான் 'கரூர்'. என் அறை நண்பன் 'திண்டுக்கல்'. இன்றைக்கும் அவனை அவன் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த வருஷப் பொங்கல் லீவு முடிந்து திரும்பும்போது, மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகத்தை 60 ரூபாய்க்கு வாங்கி வந்தான் திண்டுக்கல். 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்'. எழுதியவர் ராபர்ட் ஜார்டன். கிட்டத்தட்ட 800 பக்கம். "கனமா இருந்துச்சு, தலைக்கு வெச்சுக்கலாம்னு வாங்கினேன்" என்றான். தலைக்கு வைத்த புத்தகத்தை இரண்டு நாளில் பிரித்துப் படிக்க ஆரம்பித்தவன், மெஸ்ஸுக்கு வரவில்லை, க்ளாஸுக்கும் வரவில்லை. என்னதான் அப்படி என்று நான் பிடுங்கினேன். என்னிடமிருந்து பக்கத்து அறை நாகர்கோவில் பிடுங்கினான். மூன்று பேருக்கு ஒரு புத்தகம் என்றால் என்ன செய்வது? பிளேடு போட்டு மூன்றாக அறுத்தோம். படித்து முடித்ததும் கோணி ஊசியால் தைத்தோம்.

கதை இதுதான். ஒரு மலையோரக் கிராமத்தில் ரேண்ட், மேட், பெரின் என்று மூன்று பையன்கள். அவர்களில் ஒருவன்தான் உலகத்தைக் காப்பாற்றப் பிறந்தவன். கெட்ட செய்தி என்னவென்றால், அந்தச் சக்தியைத் தொடும் ஆண்பிள்ளை எவனும் கடைசியில் பைத்தியமாகிவிடுவான். ஆக, காப்பாற்ற வந்தவனையும் நம்ப முடியாது, அவன் இல்லாமலும் முடியாது. காலம் என்பது ஏழு ஆரக்கால் உள்ள சக்கரம். ஒவ்வொரு ஆரமும் ஒரு யுகம். போன யுகம் மறந்து போய்ப் பழங்கதையாகி, திரும்ப வருகிறது. சதுர்யுகக் கணக்கைப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியம் இல்லை. அந்தச் சக்கரம் மனிதர்களை நூலாக வைத்துத் துணி நெய்கிறது என்பார் ஜார்டன். கரூர்க்காரனான எனக்குத் தறிச் சத்தமும் புதிதில்லை. இந்தக் கதை எங்கேயோ நம்ம தெருவில்தான் நடக்கிறது என்று தோன்றிவிட்டது.

யார் இந்த ஜார்டன்?

அந்தப் பெயரே புனைபெயர். நிஜப் பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. 1948ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். வியட்நாம் போரில் இரண்டு தவணை ஹெலிகாப்டரில் துப்பாக்கி வீரராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, 'தி சிட்டாடல்' என்ற ராணுவக் கல்லூரியில் பௌதிகம் படித்தார். பிறகு அமெரிக்கக் கடற்படைக்காக அணுசக்திப் பொறியாளராக வேலை பார்த்தார். கவனியுங்கள், நம்ம ஜாதி! ஒரு விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தவர், நாமே எழுதலாமே என்று 1977ல் பேனா பிடித்தார்.

அவர் மனைவி ஹாரியட் மெக்டூகல் புத்தக எடிட்டர். கல்யாணத்துக்கு அப்புறமும் கணவரின் கதைகளுக்கு அவரேதான் எடிட்டர். வீட்டிலேயே சிவப்பு மை! 'டோர்' பதிப்பகத்தின் டாம் டோஹர்ட்டியிடம் ஜார்டன் இந்தக் கதையைச் சொன்னபோது மூன்று பாகம் என்றார். டோஹர்ட்டி அனுபவசாலி. ஆளைப் பார்த்துவிட்டு ஆறு பாகத்துக்கு ஒப்பந்தம் போட்டார். அதுவும் போதவில்லை என்பது சரித்திரம்.

ஆரம்பத்தில் ஜார்டன் எழுதிய வேகம் அசாத்தியமானது. 1990ல் மட்டும் இரண்டு பாகம். அப்புறம் 1994 வரை வருஷத்துக்கு ஒன்று. பிறகு கதை கிளை விட்டது, கிளைக்கும் கிளை விட்டது. 7ஆவது 1996ல், 8ஆவது 1998ல், 9ஆவது 2000ல். 2003ல் வந்த 10ஆவது பாகத்தில் கதை நகரவே இல்லை என்று ரசிகர்களே சண்டைக்கு வந்தார்கள். நாங்களும்தான். "700 பக்கத்துக்கு இவங்க பாவாடையைத்தான்டா சரி பண்றாங்க" என்று நாகர்கோவில் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தான். மறுநாள் அவனே குனிந்து எடுத்தான். 2005 அக்டோபரில் 11ஆவது பாகம் 'நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்' வந்தது. பழைய வேகம் திரும்பிவிட்டது. அடுத்ததுதான் கடைசி, எத்தனை பெரிதானாலும் ஒரே புத்தகமாக முடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார் ஜார்டன்.

காத்திருப்பு என்கிற சுகம்

இப்போதைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. ஒரே ராத்திரியில் பத்து எபிசோடையும் பார்த்து முடிக்கிற காலம் இது. ஆனால் அடுத்த பாகம் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பதில் ஒரு சுகம் உண்டு. உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது எத்தனை வீடுகளில் இதழ் வந்த அன்று அடிதடி! வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த தொகுப்புகள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. அது முடிந்த அதே 1954ன் நவம்பரில், இங்கிலாந்தில் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பகுதி வெளிவந்தது. கதாநாயகன் ஃப்ரோடோ எதிரி கையில் சிக்கிய இடத்தில் புத்தகத்தை முடித்துவிட்டார் மனுஷன். மூன்றாம் பகுதி வந்தது 1955 அக்டோபரில். பதினோரு மாசம் ஃப்ரோடோவைச் சிறையில் விட்டுவிட்டு வாசகர்கள் எப்படித் தூங்கினார்களோ!

எங்கள் காத்திருப்பு ஒரு 40 பக்க நோட்டில் நடந்தது. கடைசிப் பாகத்தில் என்ன நடக்கும் என்று ஆளாளுக்கு ஜோசியம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். யார் சாவார்கள், யார் யாரைக் கட்டுவார்கள், ரேண்ட் பிழைப்பானா. தோற்றவன் ஜெயித்தவனுக்குப் பரோட்டா வாங்கித் தர வேண்டும். திண்டுக்கல் எழுதியது நீளமாக இருக்கும். எப்போதும் "ஏன் என்றால்" என்று ஒரு பத்தி சேர்ப்பான். அவன் குணம் அது.

காத்திருப்பில் ஒரு ஆபத்தும் உண்டு. காத்திருக்கும்போதே எழுதுகிறவர் போய்விட்டால்? 1870ல் டிக்கன்ஸ் இறந்தபோது 'எட்வின் ட்ரூட்' பாதியில் நின்றது. கொலையாளி யார் என்று இன்று வரை யூகிக்கத்தான் முடிகிறது. 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது 'அமரதாரா' முடியவில்லை. அப்பா விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடித்தார். வடமொழியில் பாணபட்டர் பாதியில் விட்ட 'காதம்பரி'யை அவர் மகன் முடித்ததாகச் சொல்வார்கள். டோல்கீன் 1973ல் இறந்தபின் மகன் கிறிஸ்டோபர் 1977ல் 'சில்மரிலியன்' நூலைத் தொகுத்துக் கொண்டுவந்தார். பெரும்பாலும் பிள்ளைகள்தான் இந்தக் கடனை அடைத்திருக்கிறார்கள்.

ஒரு செப்டம்பர் மாசம்

2006 மார்ச்சில் ஜார்டன் தனக்கு வந்திருக்கும் நோயைப் பற்றி வாசகர்களுக்கு வெளிப்படையாகத் தெரிவித்தார். அமிலாய்டோசிஸ் என்ற அரிய ரத்த நோய். இதயத் தசையைக் கெட்டிப்படுத்திவிடும். அதற்கு முன்பெல்லாம் யாராவது "நீங்கள் முடிக்காமல் போய்விட்டால்?" என்று கேட்டால், என் குறிப்புகளையெல்லாம் அழித்துவிடச் சொல்லியிருக்கிறேன், வேறு யாரும் கை வைக்க முடியாது என்பார். நோய் வந்த பிறகு மனசை மாற்றிக்கொண்டார். எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தன் பெயருக்காகக் குறிப்பை எரிக்க நினைத்தவர், கதைக்காக உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். கை ஓயும் நாட்களில் மனைவியையும் வீட்டாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு வரை வாயால் சொன்னார். அவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். கடைசிக் காட்சியைத் தானே எழுதி வைத்தார்.

2007 செப்டம்பர் 16ஆம் தேதி இறந்தார். வயது 58.

நாங்கள் அப்போது மூன்றாம் வருஷம். செய்தியைக் கம்ப்யூட்டர் சென்டரில் பார்த்துவிட்டு நான்தான் ஓடி வந்து சொன்னேன். திண்டுக்கல் மெஸ்ஸில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். "இனிமே யாருடா முடிப்பா?" என்றான். எங்கோ சார்ல்ஸ்டனில் இருந்த ஒரு தாடிக்காரருக்காக அன்று ராத்திரி எங்கள் அறையில் மூன்று பேர் பேசாமல் படுத்திருந்தோம். பக்கத்து அறைக்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

ஒரு ரசிகனின் கையில்

ஜார்டன் இறந்ததும், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஒரு அஞ்சலிக் குறிப்பு எழுதினார். 1990ல் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது முதல் பாகத்தைப் படித்தவர். ஜார்டனுக்குத் தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று அதில் சொல்லியிருந்தார். அந்தக் குறிப்பை யாரோ ஹாரியட்டிடம் காட்டினார்கள். அந்த அம்மா சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' நாவலை வாங்கிப் படித்துப் பார்த்தார். பிறகு போன் செய்து, என் கணவரின் கதையை நீ முடித்துத் தருவாயா என்று கேட்டார். 2007 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. சாண்டர்சனுக்கு அப்போது 31 வயதுதான்.

எங்களுக்குக் கோபம். "யாருடா இவன்?" என்றான் நாகர்கோவில். திண்டுக்கல்தான், "அவனும் நம்மள மாதிரி வெயிட் பண்ணவன்டா" என்றான்.

சாண்டர்சன் சார்ல்ஸ்டன் வீட்டுக்குப் போய் முதலில் படித்தது ஜார்டன் எழுதி வைத்த முடிவைத்தான். கடைசிப் பாகத்துக்கென்று அவர் கையில் கிடைத்தது சுமார் 200 பக்கம். சில காட்சிகள் முழுசாக, சில பாதி, சில இடங்களில் இப்படிச் செய்யலாம் அல்லது அப்படிச் செய்யலாம் என்ற குறிப்பு மட்டும். அது போக, இத்தனை வருஷமாகச் சேர்ந்த ஊர், ஆள், வழக்கம் பற்றிய குறிப்புகள் மலையாக. அந்த மலையில் வழி காட்ட ஜார்டனின் உதவியாளர்கள் மரியா சைமன்ஸ், ஆலன் ரோமன்சுக் இருவரும் கூடவே இருந்தார்கள். எடிட்டர் நாற்காலியில் பழையபடி ஹாரியட்.

இனி கொஞ்சம் நம்ம கதை.

நான்கு பேர் ப்ராஜெக்ட்

2008ல் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நாங்கள் மூவரும் இன்னொரு நண்பனும் ஒரு பேட்ச். தோட்டத்து பம்ப்செட்டை வீட்டிலிருந்தே போனில் ஓட்டும் கருவி. மோட்டாரோடு ஒரு செல்போனை இணைத்துவிட்டால், அதைக் கூப்பிட்டு 1 அழுத்தினால் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலோ கிணற்றில் தண்ணி வற்றினாலோ தானே நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்டு வரும்போது பாம்பு மிதித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகும் விவசாயிக்காக என்று திண்டுக்கல் கொடுத்த யோசனை. சர்க்யூட்டும் அவனுடையதுதான்.

2009 ஜனவரியில் அவன் அப்பா திடீரென்று தவறிவிட்டார். திண்டுக்கல்லில் சின்னப் பூட்டுப் பட்டறை. கைவேலைப் பூட்டுக்குப் பெயர் போன ஊர் அல்லவா. மூன்று ஆட்கள், கொஞ்சம் கடன், இரண்டு தங்கைகள், பாதியில் நிற்கும் ஒரு கிடங்குப் பூட்டு ஆர்டர். கடைசி செமஸ்டர் ஆரம்பித்த வாரம் அறையைக் காலி செய்ய வந்தான். ஹாஸ்டல் பாக்கியைக் கட்டினான். ஒரு நீள நோட்டை என் கையில் கொடுத்தான். "இதுல எல்லாம் எழுதிருக்கேன்டா. ஏன் அப்படிப் போட்டேன்னும் எழுதிருக்கேன்" என்றான். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். இருவரும் ஜார்டனைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அந்த நோட்டு இல்லாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் தேறியிருக்க மாட்டோம். மோட்டார் நிற்கும்போதெல்லாம் மைக்ரோகன்ட்ரோலர் தானாக ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் புரோகிராமில் தப்பு தேடினோம். கடைசியில் நோட்டின் 31ஆம் பக்கத்தில் பார்த்தால், கான்டாக்டர் காயில் விடும்போது வோல்டேஜ் துள்ளும், காயிலுக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் போடு, மறந்தால் புரோகிராமைத்தான் சந்தேகப்படுவாய் என்று எழுதியிருந்தான். வாய்விட்டுச் சிரித்தோம். நாகர்கோவில் சிரித்து முடித்துவிட்டு வெளியே போய்விட்டான். கண் கலங்கியிருந்தது.

ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போகும்போது ஒரு கேள்வி வந்தது. அட்டையில் யார் யார் பெயர்? படிப்பை நிறுத்தியவர் பெயர் போடக் கூடாது, விதி அப்படி என்றார்கள். அட்டையில் மூன்று பெயர் அச்சாயிற்று. உள்ளே நன்றியுரையில், கடைசி வரியில், எங்கள் நண்பனுக்கும் நன்றி என்று ஒரு வரி. விதி என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்று கோபமில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லையே என்பதுதான். வைவாவில் "இந்த ஐடியா யாருடையது?" என்று கேட்டபோது, "எங்களுடையது சார்" என்றேன். அந்த "எங்கள்" என்ற சொல் இன்னும் தொண்டையில் இருக்கிறது.

இரண்டு பெயர்கள்

2009 அக்டோபரில் 12ஆம் பாகம் 'தி கேதரிங் ஸ்டார்ம்' வந்தது. கடைசி ஒன்று என்றது மூன்றாகியிருந்தது. ஒரே புத்தகத்தில் அடக்க முடியவில்லை. அப்போது நான் கோவையில் மோட்டார் கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு கம்பெனியில் புதுசாகச் சேர்ந்திருந்தேன். முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினேன். பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது அட்டைதான். ராபர்ட் ஜார்டன், அதன் கீழே பிராண்டன் சாண்டர்சன். இரண்டு பெயர்கள். போனவர் பெயர் மேலே, முடித்தவர் பெயர் கீழே. 2010 நவம்பரில் வந்த 'டவர்ஸ் ஆஃப் மிட்நைட்'டிலும் அப்படியே. எங்கள் ரிப்போர்ட்டின் அட்டை ஞாபகம் வந்தது. புத்தகத்தைப் பிரிக்க அன்று மனசு வரவில்லை.

சாண்டர்சன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். குறும்புக்காரன் மேட்டின் பேச்சு 12ஆம் பாகத்தில் ஒட்டவில்லை. அதை அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார். ஜார்டன் ஒரு விருந்துக்கு மூன்று பக்கம் எழுதுவார், சாண்டர்சன் மூன்று வரியில் எழுந்து போய்விடுவார். ஆனால் பத்து வருஷமாக முடிச்சு முடிச்சாகக் கிடந்த நூல்கள் ஒவ்வொன்றாக அவிழ ஆரம்பித்தன. வாசகனாகக் காத்திருந்தவன் என்பதால், எந்தெந்த முடிச்சுக்கு நாம் ஏங்கினோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

14ஆம் பாகம் 'எ மெமரி ஆஃப் லைட்' 2013 ஜனவரி 8ஆம் தேதி வெளிவந்தது. தலைப்பு ஜார்டன் வைத்தது. மின்நூல் ஏப்ரலில்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் கனத்தைத்தான் கையில் பிடிக்க வேண்டும். புத்தகம் வந்த சனிக்கிழமையே பஸ் ஏறினேன். ஒட்டன்சத்திரம் தாண்டும் வரை புத்தகத்தை மடியில் வைத்திருந்தேன், பிரிக்கவில்லை. இதை மட்டும் நான் முதலில் படிப்பது நியாயமில்லை.

பட்டறையில் அரம் போட்டுக்கொண்டிருந்தான் திண்டுக்கல். கை முழுக்க இரும்புத் தூள். புத்தகத்தைத் தொடாமலே கேட்டான்.

"கடைசி சீன் யாருடா எழுதினது?"

"ஜார்டன்தான். இறக்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுட்டார். பெரும்பாலும் அப்படியே போட்டிருக்காங்க."

"அப்ப சரி" என்று கை கழுவப் போனான்.

அன்று மத்தியானம் அவன் அம்மா சாப்பாடு போட்டார். "தம்பி, நீயாச்சும் வந்து போறியே" என்றார். சாப்பிடும்போது அவனிடம் ரிப்போர்ட் அட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டேன், நாலு வருஷம் கழித்து. அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான். "அப்பா பாதியில விட்ட கிடங்குப் பூட்டு ஆர்டர் இருந்துச்சுல்ல. அம்பது பூட்டு. இருபத்தெட்டு அவர் செஞ்சது, மிச்சம் நான் செஞ்சது. எல்லாத்துலயும் அவர் முத்திரையத்தான் குத்தினேன்." கொஞ்சம் பொறுத்து, "உங்க மேல கோவம் இருந்துச்சுடா. ஒரு ஆறு மாசம் இருந்துச்சு" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் நாகர்கோவிலுக்குப் போன் போட்டு, 40 பக்க நோட்டை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து நடந்தது. கதையைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். இனிமேல் படிக்கப் போகிறவர்களுக்காக ஒன்று மட்டும். கடைசிப் போர் என்று ஒரே அத்தியாயம் வருகிறது, ஒரு தனி நாவல் அளவுக்கு. அதை ராத்திரி ஆரம்பிக்காதீர்கள். பரோட்டா நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "ஏன் என்றால்" எழுதியவன் ஜெயித்தான்.

ஒரு வேண்டுகோள்

2021ல் இந்தக் கதை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. மூன்று சீசனோடு 2025ல் நிறுத்திவிட்டார்கள். திரும்பவும் பாதியில்! பார்த்துவிட்டு மீதிக்கு ஏங்குபவர்களுக்குப் புத்தகம் இருக்கிறது. ஜார்டனின் கையெழுத்துப் பிரதிகளும் குறிப்புகளும் அவர் ஊரிலேயே, சார்ல்ஸ்டன் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எரிந்து போயிருக்க வேண்டியவை.

இதையெல்லாம் இந்த மலரில் எழுதக் காரணம் உண்டு. இந்த வருஷச் சந்திப்புக்காக நம் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினேன். நிரப்பாமலே திருப்பி அனுப்பிவிட்டான். மூன்றாவது கட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். 'பட்டம் பெற்ற ஆண்டு' என்று இருந்தது அதில். ஏழு செமஸ்டர் நம்மோடு படித்தவன், நம் மெஸ்ஸில் சாப்பிட்டவன், நம் லேபில் இன்றும் செய்முறை விளக்கத்துக்கு வைத்திருக்கும் அந்த பம்ப்செட் பெட்டியைக் கற்பனை செய்தவன், இந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அவன் ஒருவன் மட்டும் இல்லை. நம் ஒவ்வொரு பேட்ச்சிலும் அப்படி ஒருவரோ இருவரோ உண்டு. உங்களுக்கும் யாராவது ஞாபகம் வருவார்கள்.

செயற்குழுவுக்கு என் பணிவான கோரிக்கை இதுதான். அந்தக் கட்டத்தில் 'சேர்ந்த ஆண்டு' என்று ஒரே ஒரு திருத்தம் செய்யுங்கள். பொதுக்குழுவில் இதை நான் முன்மொழியப் போகிறேன். நாகர்கோவில் வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறான். அன்று வைவாவில் பேசாத வாய்கள் இந்தத் தடவையாவது பேசும்.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. உங்கள் ப்ராஜெக்ட் நோட்டில் என்ன செய்தீர்கள் என்பதோடு ஏன் செய்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். யார் முடிக்க வேண்டி வருமோ, தெரியாது.

டேய் திண்டுக்கல், இந்த மலர் உனக்குத் தபாலில் வரும். பதினாலாவது பாகம் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது, மறந்துவிடாதே. சந்திப்பு அன்று எடுத்துக்கொண்டு வந்து சேர். கேட்டில் யாராவது "எந்த பேட்ச்?" என்று கேட்டால், 2005 என்று சொல்.